பாஸ்போர்ட்டில் வேளச்சேரி, சொந்த ஊர் பட்டுக்கோட்டை: என் ஓட்டு எங்கே?

கேள்வி: ஷார்ஜாவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவியும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். ஊர் பட்டுக்கோட்டை பக்கம். அம்மாவும் தம்பியும் அங்கே இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிர திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில் என் பெயரும் மனைவி பெயரும் இல்லை. "வெளிநாட்டுல குடும்பத்தோட இருக்கறவங்க பேரை எடுத்துட்டோம்" என்று பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். படிவம் 6 போட்டுத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்கிறான் தம்பி. என் பாஸ்போர்ட்டில் இருப்பதோ சென்னை வேளச்சேரி வாடகை வீட்டு முகவரி. அந்த வீட்டைக் காலி செய்து பல வருடமாகிறது. வெளிநாடு வாழ் வாக்காளர் என்று பதிந்தால் வரி, பேங்க் கணக்கு, ஊரில் இருக்கும் நிலம் இவற்றுக்குச் சிக்கல் வருமா? துபாய் தூதரகத்திலேயே ஓட்டுப் போட முடியாதா? ஷார்ஜாவில் பிறந்த மகளுக்கு வரும் ஜூனில் 18 ஆகிறது. அவளுக்கு ஓட்டு உண்டா?

பதில்:

முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். படிவம் 6 உள்ளூரில் வசிப்பவருக்கானது. "இந்த முகவரியில் நான் வழக்கமாக வசிக்கிறேன்" என்று அதில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாகக் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கும் நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான உறுதிமொழி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 31-ஆம் பிரிவில் இதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உங்களுக்குப் பதிலாகத் தம்பி கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்பவர்கள் இரண்டு பேர். ஊரில் பலரும் இப்படிச் செய்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு முகவர் ஒருவர் படிவம் 7 கொடுத்து ஆட்சேபித்தால் பெயர் போய்விடும். உறுதிமொழி மட்டும் உங்கள் கையெழுத்தோடு கோப்பில் கிடக்கும்.

பெயரை நீக்கியது சரியா என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் சரிதான். ஊரில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியே போனவர் அந்தக் காரணத்தாலேயே வசிப்பிடத்தை இழப்பதில்லை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆறு மாதம் கப்பலில், ஆறு மாதம் வீட்டில் என்று இருக்கும் மாலுமி இந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். உங்களுக்கு அது உதவாது. நீக்குவதற்கு முன் நோட்டீஸ் தரவில்லை, விசாரிக்கவில்லை என்றால் அது தனிக் குறை. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை உரிய விசாரணை இல்லாமல் நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை வைத்துச் சண்டை போட்டுப் பெயரை மீட்டாலும் நிற்கப்போவது அதே பழைய, ஆட்சேபத்துக்கு இடம் தரும் பதிவில்தான். அந்த உழைப்பை, வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியும் படிவம் 6ஏ-க்குச் செலவிடுங்கள்.

2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் சட்டத்தில் 20ஏ பிரிவு சேர்ந்தது. 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருக்கக் கூடாது, வேலை, படிப்பு அல்லது வேறு காரணத்துக்காக வெளிநாட்டில் இருக்க வேண்டும், பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் தகுதி. எத்தனை வருடம் வெளியே இருக்கிறீர்கள் என்ற கேள்வியே இல்லை. ரெசிடென்ஸ் விசா, கோல்டன் விசா, பிற நாடுகளின் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை), கிரீன் கார்டு எதுவும் குடியுரிமை ஆகாது. அவை வாக்குரிமையைத் தொடுவதில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் ஓட்டு கிடையாது.

சிக்கல் தொகுதியில் இருக்கிறது. எந்தத் தொகுதி என்பதை 20ஏ பிரிவு உங்கள் விருப்பத்துக்கு விடவில்லை. பாஸ்போர்ட்டில் எழுதியிருக்கும் இந்திய வசிப்பிடம் எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கேதான் பதிவு. அம்மா எங்கே இருக்கிறார், நிலம் எங்கே இருக்கிறது, பழைய வாக்காளர் அட்டை எந்த ஊர் என்பதெல்லாம் கணக்கில் வராது. இன்றைய நிலையில் நீங்கள் வேளச்சேரித் தொகுதிக்காரர்.

வேளச்சேரியிலேயே விண்ணப்பிக்கச் சட்டத்தில் தடை இல்லை. நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். படிவம் வந்ததும் பி.எல்.ஓ. பாஸ்போர்ட் முகவரிக்குப் போய் உறவினர், அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பார். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். "அப்படி யாரையும் தெரியாது" என்று அவர்கள் சொல்வதில் தவறில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில், ஆவணங்களைச் சரிபார்க்க அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் தேர்தல் நெருக்கத்தில் அந்தப் போக்குவரத்து முடியும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

அதனால் என் யோசனை, பாஸ்போர்ட் முகவரியைப் பட்டுக்கோட்டைக்கு மாற்றிவிட்டுப் பிறகு 6ஏ போடுவது. முகவரியை மட்டும் திருத்தித் தர மாட்டார்கள். மறுவெளியீடாகப் புதிய புத்தகம்தான் வரும். ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு அது துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் பொறுப்பு. அதன் சேவை மையத்தில் நேரம் பதிவு செய்து போக வேண்டும். ஊர் முகவரிக்குப் போலீஸ் விசாரணை வரலாம் என்பதால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புதிய எண் வந்ததும் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் கொடுத்து உங்கள் ரெசிடென்ஸ் கோப்பில் பாஸ்போர்ட் எண்ணை மாற்றச் சொல்ல வேண்டும். இதை மறந்தால் விமான நிலையத்தில் தாமதம் ஆகும். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி படிவம் 6ஏ. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் கணக்கு தொடங்கும்போதே உள்நாட்டு வாக்காளர், வெளிநாடு வாழ் வாக்காளர் என்று பிரித்துக் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. வரும், இந்திய சிம் வேண்டியதில்லை. தபாலிலும் அனுப்பலாம். ஊருக்கு வரும்போது வாக்காளர் பதிவு அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். நேரில் என்றால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபாலில் என்றால் ஒவ்வொரு நகலிலும் நீங்களே கையெழுத்திட்டுச் சான்றளித்திருக்க வேண்டும். வேண்டிய நகல்கள் மூன்று: புகைப்படமும் சொந்த விவரமும் உள்ள பக்கம், இந்திய முகவரி உள்ள பக்கம், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கம். கூடவே சமீபத்திய வண்ணப் புகைப்படம் ஒன்று.

விசா பக்கத்தில்தான் அமீரகத்துக்காரர்களுக்குக் குழப்பம். 2022 முதல் அங்கே பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. எமிரேட்ஸ் ஐடியே ஆதாரம். படிவமோ ஸ்டிக்கர் காலத்துப் படிவம். காலாவதியான பழைய ஸ்டிக்கர் பக்கத்தை இணைத்து அனுப்பினால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். எமிரேட்ஸ் ஐடியின் இரண்டு பக்கங்களையும், ரெசிடென்ஸ் அனுமதியின் மின் பிரதியையும் ஒரே கோப்பாக்கி, "ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, இதுவே செல்லுபடியாகும் ஆவணம்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு முதல் பக்கமாக வையுங்கள். கோப்பைப் பார்க்கும் எழுத்தர் அமீரகத்தைப் பார்த்திராதவராக இருக்கலாம். அவருக்கு வேலையை எளிதாக்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.

அடுத்து பெயர். நம் ஊர் இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து, சில சமயம் குடும்பப் பெயர் கட்டத்திலும் உட்கார்ந்திருக்கும். வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்தாக இருக்கும். 6ஏ-யில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஏனென்றால் வாக்குச்சாவடியில் ஒப்பிடப் போவது பாஸ்போர்ட்டோடு. தமிழ் எழுத்துகளில் பெயர் தானாக மாற்றப்பட்டு வரும் இடத்தைத் திருத்தாமல் விட்டுவிடாதீர்கள். அங்கேதான் பாண்டியன் பந்தியன் ஆகிறார். கதவு எண் பழையது, புதியது இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். குடும்ப உறுப்பினர் விவரம் கேட்கும் கட்டத்தில் அம்மாவின் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால், பட்டியலின் எந்தப் பாகம் என்று தேடும் வேலை அலுவலகத்துக்கு மிச்சம்.

பழைய வாக்காளர் அட்டை எண்ணை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ளூர் வாக்காளராக இருந்தவர் அந்த விவரத்தைச் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிநாடு வாழ் வாக்காளருக்குப் புதிய அட்டை தரமாட்டார்கள்; பாஸ்போர்ட்தான் அட்டை. பழைய பதிவு எங்காவது உயிரோடு இருந்தால் அது இரட்டைப் பதிவு. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் அதைத் தடுக்கின்றன, புதிய விண்ணப்பமும் அதனாலேயே நிற்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் வேளச்சேரி, பட்டுக்கோட்டை இரண்டிலும் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். சென்னையில் இருந்தபோது பதிந்து மறந்துபோன பெயர் ஒன்று கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விண்ணப்பம் வந்ததும் விவரம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபிக்க ஏழு நாள் அவகாசம். பிறகு பி.எல்.ஓ. அறிக்கை, பிறகு அலுவலரின் முடிவு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு, அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. ஏற்கப்பட்டால் உங்கள் பெயர் அந்தப் பாகத்தின் கடைசியில், வெளிநாடு வாழ் வாக்காளர்களுக்கான தனிப் பகுதியில் இருக்கும். முகவரி வரிசையில் அம்மா பெயருக்குக் கீழே தேடிவிட்டு "என் பேரே இல்லை" என்று பதறுகிறவர்கள் உண்டு.

கால அளவு முக்கியம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடிவிடும். தேர்தல் அறிவிக்கை வந்த ஏழாவது நாள் அந்தக் கடைசி நாள் வரும். அதற்குள் ஏழு நாள் ஆட்சேப அவகாசமும் முடிந்திருக்க வேண்டும் என்பதால், அறிவிக்கை வந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். மனுத் தாக்கல் முடிந்து வாக்குப்பதிவுக்கு இரண்டரை வாரமாவது இடைவெளி இருக்கும். பெயர் உறுதியான பிறகு டிக்கெட் எடுக்க அது போதும்.

ஆம், டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். தூதரகத்தில் வாக்குப்பதிவு கிடையாது. தபால் ஓட்டு உங்களுக்கு இல்லை. மின்னணு முறையில் அனுப்பப்படும் தபால் வாக்கும் பதிலாள் வாக்கும் ராணுவத்தினர் போன்ற சேவை வாக்காளர்களுக்குத்தான். தூதரகத்தில் வேலை பார்க்கும் இந்திய அரசு ஊழியருக்குப் படிவம் 3 உண்டு, அதே கட்டடத்துக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகும் உங்களுக்கு இல்லை. வெளிநாடு வாழ் இந்தியர் பதிலாள் மூலம் வாக்களிக்க வழி செய்யும் மசோதாவை 2018 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது நிறைவேறாமல், 2019-இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 2020-இல் மின்னணு தபால் வாக்கை இவர்களுக்கும் நீட்டிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசுக்கு எழுதியது, சட்டமாகவில்லை. விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 1,19,374 வெளிநாடு வாழ் வாக்காளர்கள் பதிந்திருந்தார்கள். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதில் 2,670 பேர் கேரளத்தில். கோழிக்கோட்டுக்கும் மலப்புறத்துக்கும் வளைகுடாவிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கூட்டிவரும் அமைப்புகள் இருக்கின்றன. நம் பக்கம் அந்த வழக்கம் இன்னும் வேர்விடவில்லை.

வாக்களிக்க வரும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நகலும் போனில் உள்ள படமும் செல்லாது. பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தால் படிவம் 8 மூலம் எண்ணைத் திருத்துங்கள், அதுவரை பழைய, புதிய புத்தகம் இரண்டையும் எடுத்து வாருங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள். அடையாளத்தை நிரூபித்தால், தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி தலைமை வாக்குச்சாவடி அலுவலர் உங்களுக்கு டெண்டர் வாக்குச்சீட்டு எனப்படும் தனிச் சீட்டைத் தர வேண்டும்.

வரி பற்றிய பயத்துக்கு வருகிறேன். வசிப்பவர் என்ற சொல்லுக்குத் தேர்தல் சட்டம் ஒரு பொருள் வைத்திருக்கிறது, வருமான வரிச் சட்டம் இன்னொன்று, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா மூன்றாவது. ஒன்றில் பதிவதால் மற்றொன்றில் நிலை மாறுவதில்லை. வரிக்கு நாள்கணக்கு. ஊருக்கு வந்து போகும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாளைத் தொட்டால் வசிப்பவர். இந்தியாவிலிருந்து கிடைக்கும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்தவருக்கு அந்த எல்லை 120 நாள். ஓட்டுப் போட வந்த ஒரு வாரமும் இதில் சேரும். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் இன்னொரு விதியும் உங்களைப் பார்க்கிறது: இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, வேறெந்த நாட்டிலும் வரிப் பொறுப்பு இல்லாத குடிமகன், ஒரு நாள்கூட வராவிட்டாலும் வசிப்பவராகக் கருதப்படுவார். வாடகை, டெபாசிட் வட்டி, பங்கு லாபம் எல்லாம் சேர்த்து அந்தத் தொகைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆடிட்டரைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பேங்கில் உண்மையான ஆபத்து வேறு. ஊரில் இருந்தபோது தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கை இன்னும் அப்படியே வைத்திருக்கிறீர்களா? வேலைக்கு வெளிநாடு போனதும் அதை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். 6ஏ போட்டாலும் போடாவிட்டாலும் அது மீறல்தான், இந்த வாரமே சரிசெய்யுங்கள். நிலத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் வசித்தபோது வாங்கியதையும் வாரிசாக வந்ததையும் வைத்திருக்கத் தடை இல்லை. என்.ஆர்.ஐ. புதிதாக விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. யாராவது நல்ல விலைக்கு வயல் வருகிறது என்றால் அதை நினைவில் வையுங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்பினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிப்பதாக 6ஏ-யில் உறுதி தருகிறீர்கள். அப்போது அந்தப் பதிவை நீக்கச் சொல்லிவிட்டு, தம்பி இன்று போடச் சொல்லும் அதே படிவம் 6-ஐப் போடலாம்.

மகளுக்கு ஓட்டு உண்டு. பிறந்தபோது தூதரகத்தில் பதிவு செய்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அவள் வம்சாவளியால் குடிமகள். அமீரகம் பிறப்பால் குடியுரிமை தருவதில்லை என்பதால் இரட்டைக் குடியுரிமைச் சிக்கலும் இல்லை. (அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. 18 வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.) ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகள் தகுதி நாட்கள், ஜூனில் 18 ஆகும் அவளுக்கு ஜூலை 1. பிறந்த இடத்தில் ஷார்ஜா என்றே எழுதுங்கள். ஆன்லைன் படிவம் இந்திய மாநிலத்தைத்தான் கேட்பேன் என்று அடம்பிடித்தால், தமிழ்நாடு என்று ஒப்பேற்றாமல் காகிதப் படிவத்தைத் தபாலில் அனுப்புங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்தாண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரைதான்; 15 வயதுக்கு மேல் பத்தாண்டுப் பாஸ்போர்ட் கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே ஜூனில் அவளுக்குப் பெரும்பாலும் புதியது எடுக்க வேண்டியிருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் எந்த முகவரி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எடுத்துப் பாருங்கள். பிறந்த வீட்டு முகவரியாக இருந்தால் அவருடைய ஓட்டு அந்த ஊரில் விழும். உங்களுடையதை ஜூன் வரை தள்ளிப்போட வேண்டாம். மனைவியுடையதும் மாற வேண்டியிருந்தால் இருவரும் ஒரே நாளில் நேரம் எடுங்கள். மகளின் விண்ணப்பத்தில் பழைய முகவரி அப்படியே ஏறிவிடாமல் பட்டுக்கோட்டையைத் தட்டச்சு செய்யுங்கள்.